டொக்டரின் கதிரையில் தம்பி

"ஊசி போட்டது நான்தான் எண்டு சொல்லிப்போட்டு வா! அதுக்கு உனக்கு வாய் வலிக்குதோ?"

விடிந்தும் விடியாமல் மாமியார் கனகாம்பிகை குசினி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். இராசமலர் கொதித்த பாலை இறக்கி வைத்தாள். ஆடிக் கலவரத்துக்குப் பிறகு தமிழர் கொழும்புக்குப் போகவே அஞ்சுகிற காலம். ஆனாலும் இன்று மாலை ரயிலில் கணவருடன் போயே ஆகவேண்டும். நாளை மருத்துவச் சபையின் விசாரணை. கணவர் டொக்டர் கனகசபாபதி, தகுதியில்லாத ஒருவனைத் தன் இடத்தில் இருத்தி வைத்தியம் செய்வித்தார் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் பதிவிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். பிறகு தலையிடிக்குக்கூட மருந்து எழுத முடியாது.

குற்றச்சாட்டு உண்மைதான்! அவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நிற்கும் நேரங்களில், கொக்குவில் வீட்டு முன்னறை டிஸ்பென்சரியில் அவருடைய கதிரையில் இருந்தவன் தம்பி சண்முகநாதன். எத்தனை தரம் சோதனை எழுதியும் மருத்துவப் படிப்புக்கு எடுபடாதவன். "அண்ணன் டொக்டர் எண்டால் தம்பியும் டொக்டர்தான்" என்று அவனை இருத்தியவரே கனகாம்பிகைதான். பட்டம் என்ன, பங்கு பிரிக்கிற தோட்டக் காணியா? அந்தக் குடும்பத்தில் அப்படித்தான் நினைத்தார்கள்.

பண்டத்தரிப்பு ஊரிலிருந்து வந்த குணலட்சுமியின் மகளுக்கு அவன் போட்ட ஊசி நரம்பில் ஏறிவிட்டது. பிள்ளை இப்போது ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். சண்முகநாதன்மேல் சந்தேகப்பட்டு முறைப்பாடு கொடுத்த தாய், ஊசியைப் பார்க்கப் பயந்து வெளியே நின்றதால், போட்டது யாரென்று காணவில்லை. அலறல் கேட்டு உள்ளே ஓடி, ஊசியும் கையுமாக நின்ற அவனைக் கண்டவள் இராசமலர். கலியாணத்துக்கு முன் அவள் நேர்ஸ். பதிவு இன்னும் இருக்கிறது. நேர்ஸ் போட்டாள் என்றால் டொக்டர் தப்பிவிடுவார். அவளுடைய பெயர் போகட்டுமாம்!

"மச்சாள், நீங்கள் இப்ப வேலைக்குப் போறேல்லைத்தானே... அந்தப் பதிவு உங்களுக்கு என்னத்துக்கு?" சண்முகநாதன் தேத்தண்ணியை உறிஞ்சியபடி கேட்டான்.

கனகசபாபதி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இராசமலர் அவர் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ... நீங்களும் இதைத்தான் சொல்லுறியளோ?"

"தம்பியைப் பிடிச்சு மறியலிலை போட்டிடுவாங்கள், மலர்..."

"அப்ப அந்தப் பிள்ளை? உவனை அந்தக் கதிரையிலை இருத்தாதேங்கோ எண்டு காலிலை விழாத குறையாச் சொன்னன். எரிச்சல் பிடிச்ச பொறாமைக்காரி எண்டியள், பொறுத்தன். இந்தப் பழியை மட்டும் பொறுக்கமாட்டன்! நாளைக்குக் கேட்டால் கண்டதைத்தான் சொல்லுவன்."

"புருசன்ரை பேரை வெட்டக் குடுக்கிறவளும் ஒரு பெண்சாதியோடி? வெளிக்கிடடி என்ரை மகன்ரை வீட்டாலை!"

இராசமலர் நிமிர்ந்தாள்.

"இது என்ரை சீதன வீடு, மாமி. இவ்வளவு காலமும் அதை நான் வாயாலை சொன்னதில்லை. இண்டைக்குச் சொல்ல வைச்சிட்டியள்."

கனகசபாபதி மெல்ல எழுந்தார்.

"அம்மா, தம்பியைக் கூட்டிக்கொண்டு தெல்லிப்பழையிலை எங்கடை பழைய வீட்டுக்குப் போங்கோ. நான் சபையிலை உள்ளதைச் சொல்லப்போறன்."

"பேரை வெட்டிப்போடுவாங்களடா!"

"வெட்டட்டும். பிழை விட்டவன் நான். அதை இவளின்ரை தலையிலை கட்டப் பாத்தனே... என்னைவிடக் கேவலமானவன் ஆர்?"

கனகாம்பிகை முற்றத்தில் இறங்கி மண்ணை அள்ளி எறிந்தார். "நாசமாய்ப் போவாயடி! இனி இந்தப் படலையை மிதிச்சனெண்டால் நான் கனகாம்பிகை இல்லை!" சண்முகநாதன் யார் முகத்தையும் பாராமல் தாயின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். இராசமலர் மறிக்கவில்லை.

கனகசபாபதி அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"நீர் என்னை மன்னிப்பீரே, மலர்...?"

அவள் கையை இழுக்கவில்லை.

"என்னட்டைப் பிறகு கேளுங்கோ. ரயிலுக்கு நேரம் கிடக்கு. முதல் பண்டத்தரிப்புக்குப் போய் அந்தத் தாயிட்டைக் கேளுங்கோ."

"அவ செருப்பாலை அடிப்பா..."

"அடிச்சால் வாங்குங்கோ." அப்போதுதான் அவளுடைய குரல் உடைந்தது. "நான் பக்கத்திலை நிப்பன்."