அப்பாவின் ‘வேண்டாம்’ நோட்டு

எங்கள் அப்பாவிடம் நூற்று நாற்பத்து மூன்று ‘வேண்டாம்’கள் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு நீல அட்டை நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். பெயர், தெரு, கேட்ட தேதி, கடைசிக் கட்டத்தில் ‘வேண்டாம்’. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அந்த நோட்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

விஷயம் இதுதான். 1961ஆம் வருடம், நாங்கள் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இருந்தோம். அப்பாவும் அவருடைய ஆபீஸ் நண்பர்களும் சேர்ந்து ‘நேசக்கரம் கிளப்’ என்று ஒரு சேவைக் கிளப் ஆரம்பித்திருந்தார்கள். கண் சிகிச்சை முகாம் நடத்துவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுப்பார்கள். அப்பா டொமினிக்தான் காரியதரிசி. அதெல்லாம் நல்ல வேலைதான், அதில் எனக்குக் கோபமே இல்லை.

கோபமெல்லாம் விதிப் புத்தகத்தின் மேல். பம்பாயில் இருந்த தலைமை அலுவலகம் அனுப்பிய சிவப்புப் புத்தகம் அது. அப்பா அதைப் படிக்கும்போது வீட்டில் யாரும் தும்மக்கூடக் கூடாது.

நாலாம் விதி: ஒரு கிளப்பில் இருபது பேர் இருந்தால்தான் அது முழுக் கிளப். முழுக் கிளப்புக்குத்தான் மாணவர் பரிமாற்றம் உண்டு. அதாவது, வெளிநாட்டுக் கிளப்பிலிருந்து ஒரு பிள்ளை இங்கே வந்து தங்கும். இங்கிருந்து ஒரு பிள்ளை அங்கே போய் ஒரு வருடம் படிக்கும். டென்மார்க்கிலிருந்து கிர்ஸ்டன் என்ற அக்கா முன்கூட்டியே வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். பதிலுக்கு எங்கள் அண்ணன் நோயல் போக வேண்டும்.

எங்கள் கிளப்பில் இருந்தது பத்தொன்பது பேர். மூன்று மாதமாகப் பத்தொன்பதே பேர். ‘வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இருபது ஆகாவிட்டால் வாய்ப்பு வேறு ஊருக்குப் போகும்’ என்று பம்பாயிலிருந்து கடிதம் வந்துவிட்டது.

அப்பா சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில், சலூனில், கோயில் வாசலில் என்று பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டார். ஆனால் அவர் கேட்கிற அழகைப் பார்க்க வேண்டுமே. சோடாக் கடை வெங்கடசாமியிடம் கேட்டபோது நானும் கூட இருந்தேன்.

“வெங்கடசாமி, நம்ம கிளப்ல சேர்றீங்களா?”

“நமக்கெதுக்கு சார் அதெல்லாம்.”

“ரொம்ப நன்றி.”

அவ்வளவுதான். அப்பா நோட்டைப் பிரித்து ‘வேண்டாம்’ என்று எழுதிக்கொண்டு நடந்துவிட்டார். திரும்பிப் பார்த்தேன். வெங்கடசாமி கையில் சோடா பாட்டிலோடு வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“ஏம்ப்பா, இன்னொரு தடவை கேட்டா என்ன?”

“ஏழாம் விதி, பவுலின். ‘யாரையும் வற்புறுத்தாதே. மரியாதையாக ஒரு முறை கேள். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வா.’”

எனக்கு அந்தப் புத்தகத்தைச் சோடாத் தொட்டியில் போட வேண்டும் போல இருந்தது.

வீட்டில் நோயலின் தொல்லை வேறு. இரண்டு மாதமாக இட்லியைக் கத்தியாலும் முள்கரண்டியாலும் சாப்பிட்டுப் பழகிக்கொண்டிருந்தான். ஒரு இட்லி முடிய அரை மணி நேரம் ஆகும். ஆனால் பம்பாய்க் கடிதம் வந்த நாளிலிருந்து பேசாமல் கையால் சாப்பிட ஆரம்பித்துவிட்டான். எப்போதும் டென்மார்க் பக்கத்தில் திறந்து கிடக்கும் உலகப்படப் புத்தகத்தை மூடி அலமாரிக்கு மேலே போட்டுவிட்டான். அவன் என் பென்சிலை எல்லாம் கடித்துத் துப்புகிறவன்தான். இருந்தாலும் அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

இதற்கு நடுவே அவனுடைய கோட்டு விவகாரம். எதிர்வரிசையில் தையல்கடை வைத்திருந்த மைக்கேல்ராஜ் மாமாவிடம் நோயலுக்குக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தது. அதை வாங்கி வருவது என் வேலை. ஐந்து நாளாகப் போனேன். ஐந்து நாளும் ஒரே பதில்.

“நாளைக்கு, பாப்பா.”

“எல்லாம் தைச்சாச்சே மாமா. பட்டன்தானே பாக்கி?”

“பட்டன்னா சும்மா சும்னே ஆயிடுமா? நாளைக்கு வா.”

மைக்கேல்ராஜ் மாமா முன்பெல்லாம் இப்படி இல்லை. கண் முகாமின்போது எண்பது பேருக்குப் பச்சைத் துணியில் கண்மறைப்பு தைத்துக் கொடுத்தவர் அவர்தான். கிளப்பில் இருந்த பத்தொன்பது பேரும் சேர்ந்து செய்ததைவிட அவர் ஒருவர் செய்த வேலை அதிகம். இரண்டு மாதமாகத்தான் எங்கள் வீட்டு ஆட்களைப் பார்த்தாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

ஐந்தாம் நாள் இன்னொன்றைக் கவனித்தேன். கடையில் தொங்கிய துணிக்கெல்லாம் பெயர்ச் சீட்டு குத்தியிருந்தது. ஒரு பழுப்புக் கோட்டுக்கு மட்டும் சீட்டே இல்லை. பட்டனெல்லாம் வைத்து, இஸ்திரி போட்டு, தயாராகத் தொங்கியது.

“இது யாருது மாமா?”

“அது ஒருத்தருது,” என்றார் அவர். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு கடகடவென்று மெஷினை மிதித்தார். ஊசியில் நூலே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா கோழிக் குழம்பு வைத்திருந்தார். கிர்ஸ்டன் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, “நோ, தேங்க் யூ” என்றாள். அம்மா ஒரு கரண்டி சோறு போட்டார். அவள் மறுபடியும் வேண்டாம் என்றாள். அம்மா குழம்பை ஊற்றினார்.

கிர்ஸ்டன் என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“பவுலின், நான் வேண்டாம் என்றுதானே சொன்னேன்? உன் அம்மாவுக்கு என் மேல் கோபமா?”

“கோபமெல்லாம் இல்லை. முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது, அவர்கள் மனசாரத்தான் கேட்கிறார்களா என்று பார்க்கச் சொல்வது. மூன்றாவது தடவை தட்டுக்கு மேலே கையை வைத்து மறைத்தால்தான் அது நிஜமான ‘வேண்டாம்’. இதுகூடத் தெரியாதா?”

கிர்ஸ்டன் தட்டுக்கு மேலே கையை வைத்துக்கொண்டாள். “அப்படியானால், வந்த அன்றைக்கு நான் ஒரு பிஸ்கட் டின் கொடுத்தேனே. உன் அம்மா வேண்டாம் என்றார்களே?”

“அதை என்ன செய்தாய்?”

“திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன்.”

இதை நான் தமிழில் சொன்னதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். “நானும் அன்னிலேர்ந்து அந்தப் பெட்டியைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். கொண்டு வந்ததைக் குடுக்காம வச்சிருக்குதே இந்தப் பொண்ணுன்னு. ‘எதுக்கும்மா இதெல்லாம்’னு ஒரு பேச்சுக்குச் சொன்னா, அப்படியேவா எடுத்து வைக்கிறது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிர்ஸ்டனாவது டென்மார்க்கில் பிறந்தவள். ஆஸ்டின் டவுனிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் அப்பா அல்லவா அந்தச் சிவப்புப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நூற்று நாற்பத்து மூன்று பிஸ்கட் டின்களைத் திரும்பப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

கையைக் கழுவிவிட்டு நோட்டை எடுத்தேன். இரண்டு மாதத்துக்கு முந்தைய பக்கத்தில் இருந்தது: ‘மைக்கேல்ராஜ், தையல்கடை. வேண்டாம்.’

“அப்பா, டெய்லர் மாமாகிட்ட எத்தனை தடவை கேட்டீங்க?”

“ஒரு தடவை. ‘நான் மிஷின் மிதிக்கிறவன், எனக்கெதுக்கு சார்’னாரு. நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்.”

“அந்தக் கடையில சீட்டு இல்லாத கோட்டு ஒண்ணு தொங்குதுப்பா. அவர் அளவுதான். கிளப்புக்குப் போட்டுக்கிட்டு வரணும்னு தைச்சு வச்சிருக்கார். நீங்க இன்னொரு தடவை கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டிருக்கார். வாங்க, கேக்கலாம்.”

“ஏழாம் விதி…”

“காலையில அம்மா இன்னும் ரெண்டு இட்லி வைக்கவான்னு கேட்டப்போ என்ன சொன்னீங்க?”

“வேணாம்னேன்.”

“அப்புறம் எப்படி ஆறு சாப்பிட்டீங்க?”

அப்பா புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

கடையில் மைக்கேல்ராஜ் மாமா எங்களைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் தட்டிப் போட்டார். ஆனால் முகம் மட்டும் இறுகியே இருந்தது. அப்பா நிற்கிற விதமே சரியில்லை. பரீட்சை எழுத வந்த பையனைப் போலக் கையைப் பிசைந்தார்.

“மைக்கேல்ராஜ், கிளப்ல சேரணும் நீங்க.”

“பெரிய ஆபீஸருங்க இருக்கிற எடம் சார். நான் வந்து என்ன பண்ணப் போறேன்?”

“ரொம்ப நன்…” என்று அப்பா ஆரம்பித்தார். கை சட்டைப் பையில் இருந்த பேனாவுக்குப் போயிற்று. நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். இரண்டாவது தடவைக்கே இப்படி என்றால் இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்பா நின்றார். அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்தார். அப்புறம் புத்தகத்தில் இல்லாத மாதிரி, வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார்.

“அந்த எண்பது கண்மறைப்பை எந்த ஆபீஸரும் தைக்கலையே, நீங்கதானே தைச்சீங்க? நீங்க இல்லாம அது என்ன கிளப்? வாங்க மைக்கேல்ராஜ்.”

மாமா கத்தரிக்கோலைத் துடைத்துக் கீழே வைத்தார்.

“அன்னிக்கும் கேட்டீங்க சார். ஒரு தடவை கேட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டீங்க. பேச்சுக்குக் கேட்டிருக்காரு, நம்மளை வேணாம்னுதான் நினைக்கிறாருன்னு இருந்துட்டேன். மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு.” மூக்கை உறிஞ்சினார். “இவ்வளவு தூரம் கேக்கறீங்க. சரி, சேர்றேன்.”

படிவத்தை அப்பா எடுப்பதற்குள் அவரே பேனாவைத் திறந்துவிட்டார். அன்று மாலையே நோயலின் கோட்டுக்குப் பட்டன் வந்தது. அப்பா நோட்டோடு தெருத்தெருவாகப் போய், எல்லோரிடமும் மறுபடி கேட்டார். மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றவர்களை விட்டுவிட்டார். வெங்கடசாமி இரண்டாவது தடவையிலேயே, “இதுக்கு இத்தனை நாளா சார்?” என்று கோபித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஆக மொத்தம் கிளப்பில் இப்போது இருபத்தேழு பேர். பம்பாயிலிருந்து வந்திருந்ததோ இருபது பேட்ஜ். அதற்கு வேறு அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மைக்கேல்ராஜ் மாமா பழுப்புக் கோட்டில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தலைமை அலுவலகத்தின் சார்பில் வந்திருந்த மேலதிகாரி சேஷகிரி சார் ஆட்களை எண்ணிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அவர் கையிலும் அதே சிவப்புப் புத்தகம். பிறகு ஒரு தாளை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

“மிஸ்டர் நோயல், டென்மார்க் போக உங்களுக்குச் சம்மதமா?”

நோயல் புதுக் கோட்டில் எழுந்து நின்றான். எல்லோரும் பார்க்கிறார்களே என்று காது சிவந்துபோய், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “எனக்கெதுக்கு சார்… வேற யாராவது நல்லாப் படிக்கிற பையன் போகட்டும்.”

“அப்படியா? ரொம்ப நன்றி,” என்றார் சேஷகிரி சார். பேனா அவன் பெயரை அடிக்கத் தாளில் இறங்கியது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டேன்.

“சார், அடிக்காதீங்க. இன்னும் ரெண்டு தடவை கேளுங்க.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கடைசி வரிசையிலிருந்து மைக்கேல்ராஜ் மாமாவின் குரல் வந்தது. “ஆமா சார். பாப்பா சொல்றது சரி. கேளுங்க சார்.”

“விதியில அப்படி ஒண்ணும் இல்லையே,” என்றார் சேஷகிரி சார். புத்தகத்தைப் புரட்டினார். பிறகு கண்ணாடிக்கு மேலாக நோயலைப் பார்த்தார். கோழிக் குழம்பைப் பார்க்கிற மாதிரி நோயல் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சம்மதமா?”

“பரவாயில்ல சார்…”

“கடைசித் தடவையாக் கேக்கறேன்ப்பா. போறியா, இல்லையா?”

“போறேன் சார்,” என்றான் நோயல். அவன் நெஞ்சை நிமிர்த்திக் கத்திய வேகத்தில் கோட்டின் நடுப் பட்டன் தெறித்து, உருண்டோடி, மைக்கேல்ராஜ் மாமாவின் செருப்பருகே போய் விழுந்தது.

மாமா குனிந்து அதை எடுத்தார். துடைத்துப் பார்த்தார்.

“கோட்டைக் கழட்டிக் குடுங்க தம்பி,” என்றார். “நாளைக்கு…”

நான் நாற்காலியிலிருந்து இறங்கி நேராக அவரிடம் போய்க் கையை நீட்டினேன்.

“ஊசியும் நூலும் குடுங்க மாமா.”

ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். காலரில் நூலோடு குத்தி வைத்திருந்த ஊசியை உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார்.