கீழே முறுக்குகிறவன்

நான்காவது போல்ட்டைத் துளையில் பாதிதான் இறக்கியிருந்தான் சக்கரபாணி. அதற்குள் கீழேயிருந்து அதைப் பிடித்து முறுக்கியாயிற்று.

மச்சானுக்கு அப்படி என்ன அவசரம் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. லாஸ்பேட்டையின் அந்தத் தெருவில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. பிரான்சில் இருக்கும் வீட்டுக்காரர் பலகையெல்லாம் கப்பலில் வரவழைத்துப் போன வருஷம், 2007இல், கட்டிய வீடு. கூரையில் சட்டமும் கிடையாது, விட்டமும் கிடையாது. இரண்டு பலகைக்கு நடுவே ஒரு சாண் கனத்துக்குத் தெர்மோகோல், அவ்வளவுதான். சோலார் தகட்டைத் தாங்கும் ஸ்க்ரூ தெர்மோகோலில் நிற்குமா? அதனால் கூரையை ஊடுருவத் துளை போட்டு இவன் மேலிருந்து நீள போல்ட்டை இறக்க, அறைக்குள் ஏணியில் நிற்கும் இனியவன் நட்டு போட்டு இறுக்கிவிட்டு, முடிந்ததற்கு அடையாளமாக ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்ட வேண்டும்.

டொக், டொக்.

இனியவன் இவன் மனைவி செந்தமிழ்ச்செல்வியின் ஒரே தம்பி. மில் வேலை போய் ஆறு மாதமாக வீட்டில் முடங்கிக் கிடந்தவனை இன்றுதான் கூட்டி வந்திருந்தான்.

“எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். பாத்து இட்டுனு போங்க” என்று அவள் தெருமுனை வரை வந்து சொன்னாள். சோற்றோடு பயத்தையும் கட்டிக் கொடுத்தாள் என்று இருவரும் வழியெல்லாம் கேலி பேசிக்கொண்டு வந்தார்கள்.

ஐந்து. ஆறு. ஏழாவது துளைக்கு ட்ரில்லை அழுத்தி எடுத்தபோது, அதுவரை பறந்து வந்து முகத்தில் ஒட்டிய வெள்ளைத் தூளுக்குப் பதிலாக, நாள்பட மூடிவைத்த ஈரத்துணியின் வாடையோடு வெயிலைவிடச் சூடான காற்று ஒன்று துளையிலிருந்து மேலே வந்து, கொஞ்சம் நின்று, மறுபடி உள்ளே போயிற்று.

முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனாலும் போல்ட்டை இறக்கினான். கையிலிருந்து பிடுங்குவதுபோல் இழுத்தது.

“இனியா! மெதுவா முறுக்குடா!”

டொக், டொக்.

“மாமா!”

குரல் தெருப்பக்கமிருந்து வந்தது. இனியவன் வாசலில் நின்று, கண்ணுக்குமேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“எம்மா நேரம் மாமா ஏணி மேலயே நிக்கறது? கழுத்து உட்டுப்போச்சு. ஒரு போல்ட்டுகூடக் கீழ வரல. எங்கதான் உடறீங்க?”

சக்கரபாணி குனிந்து பார்த்தான். காலடியில் ஏழாவது போல்ட் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

“உள்ள போவாத. அங்கயே நில்லு.”

“ஸ்பேனரு ஏணி மேல கெடக்குது. எடுத்துட்டு வந்துர்றேன்.”

“வேணாண்டா! இனியா!”

போய்விட்டான்.

காலடியில் சுழற்சி நின்றது. சக்கரபாணி வெளி ஏணியில் இறங்கினான். இரண்டிரண்டு படியாக. உள்ளங்கை சிராய்த்தது. வாசல். கூடம். அறைக்கதவு.

உள்ளே ஏணி நடுவில் நின்றது. அதற்கு மேலே வெள்ளைக் கூரை. ஒரு துளை இல்லை. ஒரு கீறல் இல்லை. அதிலிருந்து இனியவனின் இரண்டு கால்கள், முட்டிக்குக் கீழே, தொங்கிக்கொண்டிருந்தன. தோலைச் சுற்றிலும் பலகை இறுக மூடியிருந்தது. கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை.

ஏணியில் தாவி ஏறி இரண்டையும் சேர்த்துக் கட்டிப் பிடித்தான். சூடாக இருந்தன. “உட மாட்டேன்டா. அக்கா கேட்டா நான் என்னடா சொல்லுவேன்.” தன் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கினான்.

அவன் பிடிக்குள்ளேயே கால்கள் திரும்பத் தொடங்கின.

மெதுவாக. கால் சுற்று. நின்றது. இவனைப் பார்த்திருந்த விரல்கள் ஜன்னலைப் பார்த்தன.

இன்னொரு கால் சுற்று. சுவர்.

இன்னொன்று. கதவு.

மறுபடியும் அவை இவனைப் பார்த்தபோது கணுக்காலுக்குக் கீழேதான் மிச்சம் இருந்தது. விரல்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.