விளக்குக் கோடு

மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில் செம்பாக்கம் ஏரியை ஒட்டிய அந்த வீட்டுக்குப் போனேன். 1988 நவம்பர். அளவுக் கருவியைத் திருப்பி வாங்கி வரச் சொல்லி ஆய்வகத்தில் என்னை அனுப்பியிருந்தார்கள்.

தபீதாள் அக்காதான் கதவைத் திறந்தார்.

“என்ன கேசவன் சார், ஆபீஸ்ல என்னைக் கள்ளக் கணக்குக்காரின்னு முடிவு பண்ணிட்டாங்களா?”

சிரிக்கத்தான் முயன்றார்.

விண்மீன் மண்டலங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று கணக்கெடுப்பது எங்கள் வேலை. அவற்றின் ஒளியைப் பிரித்துக் கண்ணாடித் தகடுகளில் பதித்து அனுப்புவார்கள். அதில் தெரியும் கோடுகள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று அந்தக் கருவியின் நுண்நோக்கியில் பார்த்து அளக்க வேண்டும். விலகிப் போவதன் கோடு சிவப்புப் பக்கம் நகரும்; தூரம் கூடக்கூட நகர்வும் கூடும். நெருங்கி வருவதன் கோடு ஊதாப் பக்கம்.

இதைச் செய்துவந்தவள் அக்காவின் தங்கை பியூலா. இதயம் பலவீனம் என்பதால் கருவியை அவள் வீட்டிலேயே வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமைதோறும் தகடுகளைக் கொண்டு வருவது நான்தான். அவளும் நானும் அதிகம் பேசியதில்லை. அவள் அளப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான்.

ஆகஸ்டில் இறந்துபோனாள். அக்கா வேலையைத் தொடர்ந்தார்.

அளப்பவரின் கண்ணைச் சோதிக்க ஒரு தகடு உண்டு. அதில் பதிந்திருப்பது ஆய்வக விளக்கின் ஒளி மட்டும். விளக்கு எங்கும் போகாது. அதன் கோடு நகரக் கூடாது. அக்கா அளந்தால் அது சிவப்புப் பக்கம் நகர்ந்தது. வாரத்துக்கு வாரம் இன்னும் அதிகமாக.

“விளக்கு போகாது சார்,” என்றார் அக்கா. “அவ போய்க்கிட்டே இருக்காளே.”

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தேன்.

“கருவியை எடுத்துட்டுப் போயிட்டா, அவ எவ்ளோ தூரத்துல இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நான் ஒரு தடவை பார்க்கிறேன் அக்கா.”

“பாருங்க. காலையிலேர்ந்து நான்கூட உள்ள போகலை.”

ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்த அறை. உள்ளே பகல் இல்லை. நீலகிரித் தைலம் மணத்தது. பியூலா நெஞ்சில் தடவிக்கொள்வது. சோதனைத் தகட்டை வைத்துவிட்டுக் குனிந்தேன்.

கண் வைக்கும் ரப்பர் வளையம் வெதுவெதுப்பாக இருந்தது.

ஈரமாகவும்.

கோடு அதன் இடத்தில் நின்றது. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

கூடவே இன்னொரு மூச்சு.

அக்கா தூரத்தில், கதவருகே இருந்தார். மூச்சு என் கழுத்தில் பட்டது.

கோடு நகர்ந்தது.

கருவியின் திருகாணியை நான் தொடவில்லை. கோடு மெல்ல, தயங்கித் தயங்கி நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

ஊதாப் பக்கம்.

“எந்தப் பக்கம் சார்?” இருட்டில் அக்காவின் குரல் கிசுகிசுத்தது.

மூன்று மாதமாக அவர் கண்ணை விட்டு விலகிக்கொண்டே போனவள், என் கண்ணுக்கு நெருங்கி வருகிறாள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

“சிவப்புதான் அக்கா.”

அவர் ஜன்னல் துணியை விலக்கினார். சாம்பல் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. நெடுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏரிப் பக்கமிருந்து தவளைகள் கத்தின.

“நாளைக்கு வேன் அனுப்புங்க சார்,” என்றார் கடைசியில். “எனக்கு இனிமே கருவி எதுக்கு?”

கேட் வரை கூடவே வந்தார். திறந்துவிட்டார். நான் தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். கேட்டை அவர் இன்னும் சாத்தவில்லை. என் பின்னால் வெளியே வரும் யாருக்கோ வழிவிடுவதுபோல் ஒதுங்கி, தன் உயரத்தில் இருக்கும் ஒரு முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சால்வையைப் போத்திக்கோ. குளிருது,” என்றார்.

சற்று நேரம் கழித்தே கேட்டைச் சாத்தினார்.