காயாத கன்னம்

முட்டைக் கருவில் குழைத்த வண்ணம் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். முப்பது வருஷமாக அதில் மட்டுமே படம் போடுகிறவர் தெய்வசிகாமணி. பலகையில் மகளின் கன்னத்துக்கு நேற்று இழுத்த கோடு, இன்று மாலையும் விரலில் ஒட்டியது. ஈரம் மட்டுமில்லை, வெதுவெதுப்பாகவும் இருந்தது.

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீட்டு மறியலில் ரோடு நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். வடக்கனந்தலிலிருந்து ஒரு வண்டியும் நகரவில்லை. காய்ச்சலில் கிடந்த மகள் தங்கமணியைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லாமல், அவள் கட்டிலுக்கு எதிரே பலகையை நிறுத்தி அவளை வரைந்துகொண்டிருந்தார். செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான். முதலில் பலகைக்குச் சுண்ணாம்பு வெள்ளை, அதன்மேல் முகம் முழுக்கப் பச்சைப் பூச்சு. அது காய்ந்ததும் அதன்மேல் மயிரிழைக் கோடுகளாக ரோஜா நிறம், கோட்டுக்குப் பக்கத்தில் கோடு, தோள் கழன்றுவிடும் வேலை. படம் முடிகிறவரை பிள்ளை போகமாட்டாள் என்று ஒரு அசட்டு நம்பிக்கை.

நேற்றே காய்ச்சல் விட்டுவிட்டது. தங்கமணி அசையாமல் தூங்கினாள். கரண்ட் இல்லாத அறைக்குள் கல்வராயன் மலைக்காற்று வந்தது. வெட்டுப்பட்ட கிளைகளின் பச்சை வாசம், அதற்கடியில் பிள்ளையின் தலையெண்ணெய் வாசம். எண்ணெய் வாசம் கட்டிலிலிருந்து வரவில்லை. பலகையிலிருந்து வந்தது. கூடவே மெல்லிய மூச்சுச் சத்தமும்.

மாடத்தில் இருந்த முட்டைகள் ஏது என்று மனைவி காசியம்மாளைக் கேட்டார். அவள் முகம் மாறியது. நேற்றுப் பாவாடை என்கிற பூசாரி வந்து பிள்ளைக்குச் சுற்றிப்போட்டாராம்.

"முச்சந்தியில போலீஸ் நின்னுக்கினு இருந்தாங்க, உடைக்க முடில. அவளச் சுத்தன முட்டைங்க அது. நீங்களா எடுத்தீங்க?"

எடுத்திருந்தார். கடையெல்லாம் மூடிக் கிடந்த ஊரில் முட்டை கிடைத்ததே பெரிசு என்று மஞ்சள் கருவை உள்ளங்கையில் உருட்டி, தோலைக் கிள்ளி, வண்ணத்தில் கலந்திருந்தார்.

"அப்ப அவளப் புடிச்சது இதுலதான் ஏறிக்கினு இருக்குது" என்று காசியம்மாள் பலகையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அவர் தடுக்கவில்லை. அவள் சொன்னது சரி என்றே பட்டது. அலுப்பாகவும் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து மகளின் கன்னத்தைத் தொட்டார்.

காய்ந்திருந்தது. சொரசொரப்பு.

விளக்கை அருகே கொண்டுவந்தார். கோடுகள். கோட்டுக்குப் பக்கத்தில் கோடு. ரோஜா நிறம். காதோரம், அவர் இன்னும் முடிக்காத இடத்தில், பச்சை.

காசியம்மாளைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

கொல்லையில் அரிவாள் விழும் சத்தம். ஒரு தடவை. "அம்மா" என்று ஒரு குரல். இன்னொரு தடவை.

பிறகு தண்ணீர் மொள்ளும் சத்தம். காசியம்மாள் கைகால் கழுவிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவ குரல்லயே கூப்ட்டுச்சிங்க. நான் திரும்பியே பாக்கல."

மகளின் நெற்றியில் கை வைத்தாள். ஒடம்பு ஜில்லென்று இருக்கிறது, இனிமேல் பயமில்லை என்றாள். அவள் விரல் போன வழியெல்லாம் நிறம் பொடிப்பொடியாக உதிர்ந்து, அடியில் சுண்ணாம்பு வெள்ளை தெரிந்தது. அந்த அரையிருட்டில் அது அவளுக்குத் தெரியவில்லை. தடவிக்கொண்டே இருந்தாள்.