நான்கு வட்டங்கள்

சிகிச்சை தொடங்கிய இருபத்து நான்காம் நாள் காலையில் ஊசி இறங்கியபோது முயல் பஞ்சு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஊசி இறங்கிய இடத்தில் இருந்த கட்டி மட்டும் சிலிர்த்துக்கொண்டது.

அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். முயல் எப்போதும்போலத் துண்டுக்குள் சுருண்டு மடியில் கிடந்தது. ஏதாவது நரம்பு துடித்திருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளில் வலது இடுப்புக்கு நேராகக் குறி போட்டாள். ஊசி போட்டது என்னவோ வலது தோளில்தான்.

தாள் மகள் வரைந்தது. ஒரு முயல், அதன் மேல் நான்கு வட்டங்கள்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு. ஒரே இடத்தில் குத்தாதீர்கள், வேளைக்கு ஓர் இடமாக மாற்றுங்கள் என்று கால்நடை மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் இவளுக்கு ஊசி என்றாலே உயிர் போய்விடும். முதல் நாள் இடது தோளுக்குக் கொண்டுபோகும் முன்பே முயல் உதைத்துத் துள்ளியது. வலது தோளில் மட்டும் பேசாமல் இருந்தது. ஒரு வாரத்தில் அந்த இடம் மரத்தே போயிற்று. காலையில் மகள் பள்ளிக்குக் கிளம்பியதும், மாலையில் அவள் திரும்பும் முன்பும், அங்கேயே போட்டாள். தாளில் மட்டும் குறிகள் முறை தவறாமல் விழுந்தன.

அப்பா இறந்த பிறகு இரண்டு மாதம் மகள் பேசியது அந்த முயலிடம் மட்டும்தான். இதுவும் போய்விட்டால் பிள்ளை என்ன ஆவாளோ என்ற பயம் அவளைத் தின்றது.

மருத்துவருக்கு ஃபோன் செய்தாள்.

"ஊசி போட்ட எடத்துல கட்டி வர்றது சகஜந்தாம்மா. எடத்த மாத்தி மாத்தித்தானே போடுறீங்க?"

"ஆமா டாக்டர்."

"அப்ப பயப்படாதீங்க. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, பாப்போம்."

மதியம் சன்னலோரம் அமர்ந்து ரோமத்தை விலக்கிப் பார்த்தாள். காலையில் நெல்லிக்காய் அளவு இருந்த கட்டி இப்போது எலுமிச்சை அளவு இருந்தது. முயலோ எலும்பும் தோலுமாக, வைத்த புல்லை மோந்துகூடப் பார்க்காமல் கிடக்க, காய்ந்த புல்லின் வாசனையை மீறி அந்தப் பால்நிற மருந்தின் தித்திப்பு நெடி அறையெங்கும் கனத்து நின்றது. நறநறவென்று ஒரு சத்தம். வலி வந்தால் முயல் பல்லைக் கடிக்கும் என்று மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்து, அதன் வாயருகே காதை வைத்தாள்.

தாடை அசையவே இல்லை.

சத்தம் தோளிலிருந்து வந்தது.

விரல் தானாக இடது தோளுக்கு நகர்ந்தது. அங்கேயும் ஒரு கட்டி. ஊசியே படாத இடம். வலது இடுப்பில் ஒன்று. இடது இடுப்பில் ஒன்று. தாளைப் பார்த்தாள். நான்கு வட்டங்கள். எங்கெல்லாம் பொய்க் குறி போட்டாளோ, அங்கெல்லாம்.

நான்கு மணிக்கு முயலின் காதுகள் சில்லிட்டன. மூக்கில் மூச்சு இல்லை. அவள் அழுதாள். ஆனால் துண்டு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

மகள் வந்தாள். பையை இறக்கிவிட்டு வழக்கம்போல முதலில் தாளைப் பார்த்தாள்.

"சாயங்கால ஊசி இன்னும் போடலையா? ஏம்மா அழுவுற?"

மகள் முயலை வாரி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தூங்குது. மூச்சு விடுது பாரு, நல்லா விடுது."

ரோமத்துக்கு அடியில் நான்கு இடங்கள் ஏறி இறங்கின. ஒவ்வொன்றும் தனித்தனியாக.

"நான் பிடிச்சுக்கிறேன், போடும்மா. இப்ப இடது இடுப்பு."

மகளே ரோமத்தை விலக்கிக் காட்டினாள். மறுத்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஊசியில் மருந்து ஏறியது. அருகே கொண்டுபோனாள்.

குத்தவில்லை. அவள் குத்தவே இல்லை. இடுப்புத் தோல் மெல்ல எழும்பி, பாலுக்கு முட்டும் கன்றைப்போல, ஊசி முனையைத் தேடி வந்து தானே ஏற்றிக்கொண்டது. மருந்து இறங்கத் தொடங்கியது.

மகள் நெளிந்து சிரித்தாள்.

"கூசுதும்மா."

மற்ற மூன்றும் தோலுக்கடியில் நகர்ந்து, முயலைப் பிடித்திருந்த மகளின் உள்ளங்கைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.