இலையை உள்பக்கம் மடித்தவர்

ஆடி அமாவாசை மதியம் படையல் அறைக் கதவைத் திறந்த குருவம்மாள், தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டாள்.

முன்னோருக்குப் போட்ட வாழையிலை மடிந்து கிடந்தது. சோறும் வாழைக்காய்ப் பொரியலும் வைத்தது வைத்தபடி உள்ளே புடைத்திருக்க, இலையின் மேல்பாதி உட்கார்ந்தவர் பக்கமாகக் கவிழ்ந்திருந்தது. கல்யாண வீட்டில் வயிறு நிறைந்தவன் அப்படித்தான் மடிப்பான். உறவு தொடரட்டும், மறுபடி வருவேன் என்று அதற்கு அர்த்தம். இழவு வீட்டில் எதிர்ப்பக்கம் மடித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போவார்கள்.

“காத்தா இருக்கும்,” என்றார் அவள் புருஷன் சங்கரபாண்டி.

“கதவைச் சாத்திட்டுல்லா வந்தேன். காத்து என்ன சாவி வச்சிருக்கா?”

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். பதில் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது. மூன்று வருஷத்து அலுப்பு.

தென்காசியில் அவர்கள் குடியிருந்த அந்த வீடு பெரியப்பா சுடலைக்கண்ணுடையது. பிள்ளையில்லாத மனிதரைக் கடைசி மூச்சு வரை பார்த்துக்கொண்டவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். அவர் கண்ணை மூடியதும், அவருடைய மைத்துனர் மகன் நல்லதம்பி, சங்கரபாண்டி ரத்த உறவே இல்லை, வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று முன்சீப் கோர்ட்டில் போய் நின்றான். பெரியப்பாவின் தாத்தாவும் சங்கரபாண்டியின் பூட்டனும் அண்ணன் தம்பி என்று ஊரே சொல்லும். ஆனால் ஊர் சொல்வதைக் கோர்ட்டுத் தராசில் வைக்க முடியாது. அந்த இருவரையும் பெற்ற தகப்பன் யார், பெயர் என்ன, அதைச் சொல் என்றது கோர்ட்டு. சொல்லாவிட்டால் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

சங்கரபாண்டி தேடினார். தாலுகா ஆபீஸ் பரணில் கரையான் சாப்பிட்டது போக மிச்சமிருந்த நிலப் பதிவுகள், ரிஜிஸ்தர் ஆபீசில் பத்திர நகல்கள், கோயிலில் கட்டளைக்காரர் பெயர் வெட்டிய கல், புளியறையில் கண் தெரியாத ஒரு அத்தை என்று எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். அத்தை மட்டும் ஒரு வேளைச் சாப்பாடு போட்டாள். எங்கே போனாலும் பூட்டனோடு பாதை முடிந்துவிட்டது. அதற்கு மேலே சுவர்.

கடைசியில் வக்கீல் குமாஸ்தா கைலாசம்தான் வழி சொன்னான். சொத்தைக் கத்தரிக்காயையும் பளபளப்பாக்கி விற்கத் தெரிந்தவன்.

“அண்ணாச்சி, சங்கிலியில ஒரே ஒரு கண்ணிதான் குறையுது. கிடைக்கலேன்னா செஞ்சு மாட்டிர வேண்டியதுதான்.”

“ஆளைச் செய்யச் சொல்லுதியா?”

“பேரைச் செய்வோம். ஆளு தன்னால வந்துட்டுப் போறான்.”

உச்சிமாகாளி என்று வைத்தார்கள். வாயில் வந்த பெயர். அதற்கு ஒரு சாட்சி வேண்டும். குற்றாலத்துச் சாஸ்திரிகள் சொன்னால் கோர்ட்டு நம்பும். ஆனால் அவர் பொய் சொல்ல மாட்டார். ஆகையால் பொய்யைத் தர்ப்பணத்தின்போது அவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவாயிற்று. காதில் விழுந்ததை அவர் அப்படியே போய்ச் சொல்வார்.

அந்த ஆடி அமாவாசைக் காலையில்தான் அது நடந்தது. சாரல் முகத்தில் அடிக்க, அருவியின் இரைச்சல் பாதி மந்திரத்தை அடித்துக்கொண்டு போக, அப்பா, தாத்தா, பூட்டன் எல்லாருக்கும் எள்ளும் நீரும் விட்ட பிறகு, உச்சிமாகாளியின் பெயரைச் சொன்னார் சங்கரபாண்டி.

“பேரைச் சொல்லி, முகத்தை நினைச்சுண்டு ஜலம் விடுங்கோ,” என்றார் சாஸ்திரிகள்.

முகத்துக்கு எங்கே போவது? தாம்பாளத்து நீரில் அவருடைய முகமே குனிந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. குறுகிய நெற்றி, பெரிய மூக்கு, காது மடலில் மிளகு போல ஒரு மச்சம். கைவசம் இருக்கிற சரக்கைக் கொடுப்போம் என்று அதையே நினைத்துக்கொண்டு நீரை விட்டார்.

வீட்டுக்கு வந்தால் இலை இப்படி.

ஆவணி அமாவாசையில் படையல் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சங்கரபாண்டி முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஓட்டிலிருந்து சொட்டுகிற நீருக்கும் தெருச் சேற்றில் வண்டிச் சக்கரம் வழுக்குகிற ஓசைக்கும் நடுவே, உள்ளே யாரோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்காருகிற முனகலும், ஈரத்துணி தரையில் சப்பென்று அப்புகிற சத்தமும், பல் இல்லாத வாய் சோற்றைக் குதப்புகிற சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. நனைந்த எள்ளின் வாடை கதவிடுக்கில் கசிந்து வந்து அவருடைய சட்டையில் ஏறிக்கொண்டது. திறந்து பார்த்தால் ஆள் இல்லை. இலை உள்பக்கம் மடிந்திருந்தது.

புரட்டாசி அமாவாசையில் அந்த வாய்க்குப் பல் முளைத்துவிட்டது. அப்பளம் நொறுங்கியது.

அதே வாரம் சங்கரபாண்டிக்குக் கடைவாய்ப் பற்கள் வலியில்லாமல் கழன்று கையோடு வந்தன.

அவர் கைலாசத்தைத் தேடிப் போனார். “கேசை விட்டுரலாமாடே? எனக்கு முடியல.”

“நல்லா இருக்கே! சாஸ்திரி கோர்ட்டுல வந்து பிரமாதமாச் சொல்லிட்டுப் போயிருக்காரு. கரை ஏறுத நேரத்துல தண்ணிக்குள்ள குதிக்கணும்ங்கிய.” கைலாசம் வெற்றிலையை மடித்தான். “அது கிடக்கட்டும். நேத்து குத்தாலத்துல அத்தனை தடவ கூப்பிட்டேன், திரும்பாமப் போறிய? உடம்பெல்லாம் ஈரம். துவட்டக் கூடாதா?”

“நான் நேத்து வீட்டை விட்டே இறங்கலடே.”

“சும்மா இருங்க அண்ணாச்சி. காதுல மச்சம் வரைக்கும் பாத்தேன்.” சிரித்துக்கொண்டே அவருடைய காதைப் பார்த்தான் கைலாசம். சிரிப்பு நின்றது. இந்தக் காதைப் பார்த்தான், அந்தக் காதைப் பார்த்தான். வெற்றிலையை வாயில் போடாமல் கீழே வைத்தான்.

சங்கரபாண்டி மடலைத் தடவினார். வழவழப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு குருவம்மாள் அவரை எதிரே கண்டால் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் வழிவிட்டாள். சோறு போடும்போது இலையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாளே என்றிருந்தது.

மார்கழியில் தீர்ப்பு வந்தது. வீடு அவர்களுக்கே. உச்சிமாகாளி என்று ஒரு மனிதர் இருந்தார், அவருக்கு வம்சம் இருக்கிறது என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. கைலாசம் வெளியூர் போய்விட்டதாக அவன் மனைவி சொன்னாள்.

தை அமாவாசை காலையில் சங்கரபாண்டி சொன்னார்: “இனிமே படையல் கிடையாது. இலை போடாத.”

குருவம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே “சரி” என்றாள்.

அவர் கட்டிலில் சாய்ந்தார். அலுப்பு அப்படியே அமுக்கியது. விழித்தபோது உச்சி வெயில். சாரல் காலம் எப்போதோ முடிந்திருந்தது. ஆனாலும் எங்கேயோ நீர் சொட்டியது.

எள் வாடை.

அப்பளம் நொறுங்கும் சத்தம்.

குருவம்மாள் சிரித்தாள்.

அவர் எழுந்து போனார். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினார்.

இலை போட்டிருந்தது. இலைக்கு முன்னால் ஒரு முதுகு. ஈர வேட்டி. உட்கார்ந்திருந்த பலகையைச் சுற்றித் தண்ணீர்.

“இன்னும் ரெண்டு கரண்டி வைக்கட்டா? பாதி வயித்தோட எந்திரிக்காதிய,” என்றாள் குருவம்மாள். அவள் குரலில் அந்தப் பிரியத்தை அவர் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அவள் நிமிர்ந்தாள். அவர் நின்ற இடத்தைப் பார்த்தாள். அவரைத் தாண்டி முற்றத்தைப் பார்த்தாள்.

“கதவு ஏன் ஆடுது?”

“காத்தா இருக்கும்,” என்றது முதுகு. சங்கரபாண்டியின் குரல்.

கதவருகில் நின்றவர் கூப்பிட வாயைத் திறக்கப் போனார். திறப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கை முகத்துக்குப் போனது. மூக்கு இருந்த இடம். கண் இருந்த இடம். அப்போதுதான் பிடித்து வைத்த பிண்டம் போல மெத்தென்று குழைந்தது. விரலில் எள் ஒட்டியது.

உள்ளே, காது மடலில் மிளகு மச்சத்தோடு உட்கார்ந்திருந்தவர், ஒரு ஏப்பம் விட்டு, இலையின் மேல்பாதியை எடுத்து, நிதானமாகத் தன் பக்கம் மடித்தார்.