கொம்பறுப்பு

கொம்பு வெதுவெதுப்பாக இருந்தது.

தொட்ட கையைக் கெபார்டு சட்டென்று இழுத்துக்கொண்டான். கணப்பு கூடத்தின் எதிர்க்கோடியில் எரிந்துகொண்டிருந்தது. பெஞ்சு கிடந்த இந்தச் சுவரோரத்தில் மூச்சு விட்டாலே புகையாகப் போகும் குளிர். தோல் தொப்பியில் தைத்து, ஆண்டு முழுக்க மாடிப் பெட்டியில் கிடக்கிற செத்த ஆட்டின் கொம்பில் சூடு ஏது? உள்ளே இருக்கிறவனின் தலைச்சூடாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நவம்பர் மாதம், புனித மார்ட்டின் திருநாள் சாயங்காலம். அடுப்படியிலிருந்து வாத்துக் கொழுப்பு உருகும் வாசனை வந்தது. அதற்கும் மேலே, மூத்திரம் ஊற்றிச் சாயத்தைப் புளிக்கவைக்கும் ஆற்றங்கரை நீலச்சாயக் கிடங்குகளின் நாற்றம், மூடுபனியோடு சேர்ந்து ஜன்னல் இடுக்குகளில் கசிந்து உள்ளே வந்தது.

மாணவர் விடுதிக்குப் புதிதாக வருகிறவன் மனிதன் இல்லை, மிருகம். அவனுக்குக் கொம்பு மாட்டி, அதை அறுத்து, முகத்தைத் தச்சனின் இழைப்புளியால் இழைத்து, வாயில் உப்பைப் போட்ட பிறகுதான் அவன் மாணவன். அதற்கப்புறம்தான் மேசையில் இடம், கையில் புத்தகம். எல்லோரும் பட்டதுதான். கெபார்டின் தாடையில் இழைப்புளி உராய்ந்த தழும்பு இன்னும் இருக்கிறது. இந்த வருஷம் ரம்பம் அவன் கையில். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொன்னவர்களை இந்த விடுதி எப்படி நடத்தும் என்று பார்த்திருக்கிறான்.

பெஞ்சில் குப்புறக் கட்டிப் போட்டிருந்தவன் பெயர் விகாண்ட். மலைக்காட்டுப் பக்கத்துக்காரன், அகன்ற தோள், இருபது வயதிருக்கும். வந்ததிலிருந்து அவன் கழற்றாத முக்காட்டுக்கு மேலேயே சாக்கை மாட்டியிருந்தார்கள். சாக்கைக் கிழித்துக்கொண்டு இரண்டு கொம்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"என்னடா தடவிப் பாக்குற? பொண்ணு பாக்க வந்தியா?" என்றான் டில்மான். விடுதிக்கே மூத்தவன், சடங்கை நடத்துகிறவன். வாத்தியார் எபர்வின் வழக்கம்போல வெளியே விருந்துக்குப் போய்விட்டார். இந்த ஒரு நாள் மட்டும் அவருக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது.

"சூடா இருக்குண்ணே."

"மாடுன்னா சூடாத்தான்டா இருக்கும். அறு!" பிறகு காதருகே குனிந்தான். "தொப்பிக்குள்ள பன்னி ரத்தம் கட்டி வச்சிருக்கேன். பீச்சும் பாரு, பயந்துடாத."

கெபார்டு ரம்பத்தை வைத்து இழுத்தான். காய்ந்த கொம்பு கிறீச்சிடும். இது கிறீச்சிடவில்லை, ஈர மரத்தில் இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு, உள்ளே எதிலோ கடித்துக்கொண்டு இறங்கியது. லாடக்காரன் குளம்பைச் சுடும்போது வருகிற நாற்றம் கிளம்பியது. சாக்குக்குள்ளிருந்து அலறல் வந்தது.

"அண்ணே! வேணாம்ணே! தொப்பி இல்லண்ணே, இது என்னுதுண்ணே!"

கத்தியது ஊர்ப் பாஷையில். விடுதிக்குள் புதியவன் லத்தீன் தவிர வேறு பாஷை பேசினால் அடி. டில்மானின் தடி தொடையில் இறங்கியது.

"லத்தீன்ல கத்துடா மாட்டுப்பயலே!"

"என்னுதுண்ணே! பொறந்ததுலேர்ந்து..."

மறுபடி தடி. வார்த்தைக்கு ஒரு அடி. மற்றவர்கள் மேசையைத் தட்டித் தாளம் போட்டார்கள். கடைசியில் விகாண்டுக்கு லத்தீன் வந்தது. தேவாலயத்தில் கேட்டுக் கேட்டு மனதில் நின்ற ஒரே ஒரு வாக்கியம்.

"ஆண்டவரே, நான் தகுதியற்றவன்! ஆண்டவரே, நான் தகுதியற்றவன்!"

கூடமே சிரிப்பில் வெடித்தது. "பாருடா, மிருகம் உண்மையைச் சொல்லுது!" டில்மானுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ரத்தம் பீச்சியது. கெபார்டின் விரல்களில் வழிந்து, முழங்கை வரை ஓடி, சட்டைக்குள் புகுந்தது. காலையில் அறுத்த பன்றியின் ரத்தம் இந்நேரம் குளிர்ந்து கட்டியாகியிருக்கும். இது சுட்டது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. கை நின்றது. இருபது ஜோடிக் கண்களும் அந்தக் கையையே பார்த்தன.

கை மறுபடி நகர்ந்தது.

முதல் கொம்பு விழுந்தது. இரண்டாவதில் பாதி இறங்கும்போது அலறல் ஓய்ந்தது. மூச்சு மட்டும் வந்தது. மெதுவாக, ஆழமாக, தொழுவத்தில் படுத்திருக்கும் பெரிய மாட்டின் மூச்சுபோல. கெபார்டு கடைசி வரை அறுத்தான்.

"ராசா கைடா உனக்கு!" டில்மான் முதுகில் அறைந்தான். "மாடிப் பெட்டியில புது அங்கி இருக்கு, எடுத்துட்டு வா. நாங்க மூஞ்சிய இழைச்சு வைக்கிறோம்."

மாடி இருட்டாக இருந்தது. மெழுகுவர்த்தியைத் தரையில் வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தான். மேலாக, மடித்த அங்கியின் மீது, தோல் தொப்பி இருந்தது.

இரண்டு கொம்புகளும் முழுசாக.

தொட்டுப் பார்த்தான். ஜில்லென்றிருந்தது. உள்ளே கட்டியிருந்த பன்றி ரத்தப் பை உடையவில்லை. அழுத்தினால் கட்டிப்போன ரத்தம் கூழாக நகர்ந்தது. தொப்பியை டில்மான் மாட்டியிருப்பான் என்று இவன் நினைத்திருந்தான். இவன் மாட்டியிருப்பான் என்று டில்மான் நினைத்திருக்கிறான்.

கீழே பாட்டு ஆரம்பித்தது. புதியவனை வரவேற்கும் பாட்டு, லத்தீனில், இருபது தொண்டைகளில். தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு கெபார்டு படியிறங்கினான். அவர்களிடம் காட்ட வேண்டும். வைத்தியரைக் கூப்பிட வேண்டும். பாதிப் படியில் காது எதையோ கவனித்தது. பாட்டின் நடுவே ஒரு சத்தம். நீளமாக. ஒரே சீராக. தச்சன் பலகை இழைக்கிற சத்தம்.

சர்ர்ர்.

பாட்டில் ஒரு குரல் குறைந்தது.

சர்ர்ர். இன்னொரு குரல்.

யாரும் கத்தவில்லை. நாற்காலி நகரவில்லை. ஓடும் காலடி இல்லை. மற்றவர்கள் ராகம் பிசகாமல் பாடிக்கொண்டே இருந்தார்கள். பத்துப் பேர். ஐந்து பேர். கடைசிப் படிக்கு வந்தபோது டில்மானின் குரல் மட்டும் தனியாகப் பாடியது. சிறு பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல, திணறித் திணறி, ஒரு வார்த்தையும் தவறாமல்.

சர்ர்ர்.

பாட்டு நின்றது.

ஓடியிருக்கலாம். தெருக்கதவு இடது பக்கம் இருந்தது. கால் கூடத்தின் பக்கமே திரும்பியது. கூடத்தின் கதவு தானாக விலகியது.

மேசையின் இரு பக்கமும் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கை மேசைமேல். தட்டில் வாத்துக்கறி ஆவி பறந்தது. தரையெங்கும் மெல்லிய சுருள்கள், வெளுப்பும் சிவப்புமாக, கணப்புக் காற்றில் லேசாக உருண்டன.

"கெபார்டு அண்ணே." ஊர்ப் பாஷை. கோபமே இல்லாத குரல். சாக்கு போயிருந்தது. கொம்பு இருந்த இரண்டு இடங்களிலிருந்தும் ரத்தம் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருக்க, விகாண்ட் இழைப்புளியைத் தன் சட்டையில் துடைத்தான். "இப்ப எல்லாரும் மனுசங்க ஆயிட்டாங்க. வாங்க, ஒக்காருங்க."

உட்கார்ந்திருந்தவர்கள் கெபார்டின் பக்கம் திரும்பினார்கள். இருபது பேரும், ஒரே சமயத்தில். கண் இல்லை. மூக்கு இல்லை. உதடு இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரை ஈரமாக, வழவழவென்று, இழைத்த பலகையாக இருந்த முகங்கள். அவற்றுக்கு நடுவே, டில்மானின் பக்கத்தில், பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது.